ஐந்தாவது முறை இன்ஸ்டால் ஆனது

டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் பாதியில் நின்றுவிட்டால் முதலில் எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வர வேண்டும். பதற்றத்தில் செய்கிற எதுவும் சரியாக வராது. இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் கிளிஃபர்ட். வயது ஐம்பத்து மூன்று. காக்ஸ் டவுன் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தின் ஆபீசில் கிளார்க். அங்கே இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டாப். யார் எந்தக் குழியில் என்பது அதில் மட்டும்தான் இருந்தது. இறந்தவர்களின் பெயரும் தேதியும் மாதா கோயில் பதிவேட்டில் உண்டு, குழி எண் கிடையாது. போன அக்டோபரில் புது வெர்ஷன் போடச் சொன்னார்கள். நான்கு முறை போட்டேன். நான்கு முறையும் கடைசிக் கட்டத்தில் நின்று, சர்வீஸ் தொடங்கவில்லை என்றது.

பொம்மனஹள்ளியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற முகேஷுக்குப் போன் போட்டேன்.

"பழைய வெர்ஷன மொத்தமா தூக்கிடுங்க சார். டேட்டா ஃபோல்டரையும் டெலிட் பண்ணிடுங்க. ஆனா மொதல்ல பேக்கப் எடுத்துக்கோங்க, மறந்துடாதீங்க."

மறக்கவில்லை. திரையில் இருந்த ஐகானைப் பென் டிரைவில் காப்பி செய்தேன். ஒரே நொடியில் ஏறிவிட்டது. நல்ல பென் டிரைவ் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஃபோல்டரை அழித்தேன். ஐந்தாவது முறை ஒரு தடங்கலும் இல்லாமல் இன்ஸ்டால் ஆனது. திறந்து பார்த்தால், மொத்தக் கல்லறைகள்: 0. பென் டிரைவில் இருந்தது வெறும் ஷார்ட்கட். வீடு போய்விட்டது, விலாசம் மட்டும் மிச்சம்.

கல்லறைத் திருநாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று குடும்பங்கள் வந்து எண் கேட்கும். கல் வைத்த கல்லறைகளை நடந்து நடந்து பார்த்து ஒழுங்காகப் பதிந்தேன். மீதி ஆயிரத்து முந்நூறில் எண் தகடு மட்டும்தான். அவற்றுக்குப் பதிவேட்டில் இருந்த பெயர்களை நானே போட்டேன். கண்டபடி போடவில்லை. பூசைக்குத் தவறாமல் வந்தவர்களுக்கு மர நிழல் கொடுத்தேன். சண்டையிலேயே காலம் கழித்த ஒரு அண்ணன் தம்பியை ஆளுக்கொரு மூலையில் வைத்தேன். பாடகர் குழுவில் இருந்த ஏழு பேரும் ஒரே வரிசை. முன்பு இருந்ததைவிட இது ஒழுங்கு. பெயர்கள் தீர்ந்த பிறகும் சில குழிகள் மிஞ்சின. காலி என்று போட்டேன்.

திருநாளன்று மெழுகுவர்த்தி, மாலை, அழுகை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. ஒரே ஒரு புகார்தான் வந்தது. மௌரீன் ஆன்டி, வயது எழுபத்தெட்டு.

"ஆயிரத்து எண்ணூத்தி ரெண்டா? யாருகிட்டப்பா சொல்றே? பதினாறு வருஷமா குழாய்ல தண்ணி புடிச்சு எம் புருஷன் தலமாட்டுச் செடிக்கு ஊத்துறேன். டென்சில் குழாயண்டதான் இருக்காரு."

"சிஸ்டத்துல இப்படித்தான் காட்டுது ஆன்டி."

"உன் சிஸ்டமா அவரப் பொதைச்சுது?"

"வயசாச்சுல்ல ஆன்டி. மறதி வரும்."

திருத்தியிருக்கலாம். ஒன்றைத் திருத்தினால் மற்றவர்களும் கேட்பார்கள். இரண்டு வாரம் கழித்து அவரே செடியைப் பிடுங்கிக்கொண்டு போய் 1802இல் நட்டார். இத்தனை வருடம் இடம் தெரியாமல் போனதற்கு டென்சிலிடம் மன்னிப்புக் கேட்டாராம். குழி தோண்டும் பெருமாள்சாமி சொன்னார்.

பிப்ரவரியில் ஆன்டி இறந்தார். கணவர் குழியைத் திறந்து அதிலேயே தன்னை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் பக்கம் அது வழக்கம்தான். மகள் குளோரியா வந்து எண் கேட்டார். சொல்வதற்கு எனக்கு ஒரு நிமிடம் ஆனது. அந்த ஒரு நிமிடம் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1802 என்றேன்.

பாதி தோண்டிய பெருமாள்சாமி ஆபீசுக்கு வந்து உள்ளங்கையில் இருந்ததை விரித்துக் காட்டினார்.

"ஆம்பள குழில கண்ணாடி வளையல் ஏது சார்?"

"ஸ்வல்ப மெதுவா பேசுப்பா. குடும்பம் நிக்குது."

"அப்ப டென்சில் சாரு எங்க?"

"அப்புறம் பாத்துக்கலாம். நீ மண்ண சமமாக்கு."

மௌரீன் ஆன்டியை அங்கேயே இறக்கினோம். இப்போது சிஸ்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் ஒரே எண். பெருமாள்சாமி என்னோடு பேசுவதில்லை.

குழாயடி இடம் சிஸ்டத்தில் காலி என்றுதான் காட்டிக்கொண்டிருந்தது. போன வாரம் அதை என் பெயருக்குப் பதிந்துவிட்டேன். எண்ணை ஒரு தாளிலும் எழுதி மனைவியிடம் கொடுத்திருக்கிறேன். நாளைக்கு என்னைத் தேடி அவள் அலையக் கூடாது.