தேவானையம்மாள் பெயர் கேட்ட மத்தியானம்

எனக்கு முன் பேசியவர்கள் நேர எல்லை மீறியபோதும் முகம் சுளிக்காமல் இந்தப் பாராட்டு விழாவுக்குத் தலைமை தாங்கி வீற்றிருக்கும் பெரியவர் பீர் முஹம்மது அவர்களே, அந்நாளில் சாந்தோம் தொடங்கிச் சீனிவாசபுரம் வரை இந்த அம்மாளின் குரலுக்கு ஒலிபெருக்கி கட்டிய உங்கள் கைகளுக்கு என் முதல் வணக்கம். பெரும்பாக்கத்திலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி, பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, மந்தைவெளியின் மூத்தோரே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே, போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ‘இவன் எப்போது முடிப்பான்’ என்று என்னையே பார்க்கும் எங்கள் கானா தேவானையம்மாளே, உங்கள் அனைவருக்கும் தலை தாழ்த்துகிறேன்.

அழைப்பிதழில் என் பெயர் கடைசியில் இருக்கிறது. அதுவும் தலைப்பெழுத்து தவறாக. பரவாயில்லை, பழக்கம்தான். கானாவை ஆராயப் போகிறேன் என்று இளமையில் ஒரு பல்கலைக்கழக வாசலில் நின்றேன். ‘அது தமிழா?’ என்று கேட்டார்கள். கேட்டவர்கள் உயர்ந்த பதவிகளுக்குப் போனார்கள். நான் மந்தைவெளி மேடைக்கு வந்திருக்கிறேன். யாருக்கு நல்ல இடம் கிடைத்தது என்பதை உங்கள் கைத்தட்டல் சொல்லட்டும்.

போதும் தம்பிகளே, போதும். அவ்வளவு தட்டினால் நான் நம்பிவிடுவேன்.

இந்த அம்மாள் பாட வந்த கதையை முதலில் சொல்கிறேன். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்ற ஒரு பெண்மணி இறந்துபோனார். வாசலில் பந்தல், பந்தலில் டோலக், டோலக்குக்குப் பக்கத்தில் பேர்பெற்ற ஒரு பாடகர். அந்தக் காலத்தில் சாவு வீட்டில் கானா பாடுவது ஆண்களின் உரிமை. அவர் பாடினார். வாழ்வு நிலையில்லை என்றார், வந்தவர் போவார் என்றார். எந்தப் பிணத்துக்கும் பொருந்துகிற பாட்டு. பெண்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத தேவானை.

“நிறுத்துண்ணா. செத்தது யாரு? பேரு இன்னா, தெரியுமா உனக்கு?”

“எதுக்கு பேரு? ஆயா செத்துப்போச்சு, பாடறோம். நீ போய் குந்து. பொம்பளைக்கு ஒப்பாரி கீது, கானா எதுக்கு?”

அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள். தமிழ்த்துறைகள் கேட்காமல் விட்ட பதில். “ஒப்பாரி, அழுவறவளுக்குண்ணா. கானா, போறவளுக்கு. போறவ பேரைச் சொல்லாம யாரை அனுப்புற நீ?”

சொல்லிவிட்டுப் பாடினாள். இறந்தவளின் பெயரை வைத்து, அவள் கூடையை வைத்து, அவள் போட்ட சண்டையை வைத்துப் பாடினாள். அன்றிலிருந்து அது அவள் முறை. பெயர் கேட்பாள், அந்த ஆள் எப்படி என்று கேட்பாள், பிறகுதான் வாய் திறப்பாள். பெயர் இல்லையா, பாட்டும் இல்லை.

அந்தக் குரலை ஊர் எப்படிக் கொண்டாடியது? கேசட் போட்டார்கள். உள்ளே இவர் குரல், உறை மேல் மீசை வைத்த ஒருவர் படம். பொம்பளை படம் போட்டால் கானா கேசட் விற்காதாம். பிறகு கரையோரக் குடிசைகளைப் பெயர்த்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில் அடுக்கினார்கள். சாவு விழுந்த தெரு ஒரு பக்கம், பாடத் தெரிந்தவள் ஒரு பக்கம். கூப்பிட ஆளில்லை. பாட்டுக்காரி பள்ளிக்கூடம் பெருக்கினாள். ஆண்டுகள் போயின. அவரிடம் பாட்டு கற்றவர்கள் வெளிநாடு போனார்கள், விமான நிலையத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவராவது ஒரு மேடையிலாவது இவர் பெயரைச் சொன்னாரா? சொன்னவர் இருந்தால் இங்கே வரட்டும், என் மாலையைத் தருகிறேன்.

எனக்கு மாலை போடவில்லை என்கிறீர்களா? நானும் கவனித்தேன்.

இப்போது சென்ற மார்கழிக்கு வாருங்கள். எழுபதைத் தாண்டிய இந்த அம்மாளை அபிராமபுரத்தில் ஒரு சபா அழைத்தது. மத்தியானக் கச்சேரி, நானும் போயிருந்தேன். காண்டீனில் கூட்டம் அலைமோதும் நேரத்தைத்தான் இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்குவார்கள். காரியதரிசி கஸ்தூரிரங்கன் ஒரு நிபந்தனை போட்டார். “சாவுப் பாட்டு மட்டும் வேண்டாம்மா. மார்கழி மாசம், மங்களமா இருக்கட்டும்.” அம்மாள் தலையாட்டினார். இத்தனை காலம் கழித்துக் கிடைத்த மேடை, இதை விட்டால் அடுத்ததுக்கு ஆயுசு இருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு பாடினார். நாகரிகமாகத் தட்டினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு பாட்டு. மேலே போன குரல் பாதியில் பிசிறியது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தார்கள். இன்னொரு பாட்டு தொடங்கினார், நின்றுவிட்டார். டோலக் வாசித்த சின்னப்பையன் என்பவர் கிசுகிசுத்தார்: “இன்னாக்கா, தண்ணி வேணுமா?”

அம்மாள் மைக்கை இழுத்தார். “தண்ணி வேணாம்டா. பேரு வேணும். சாமிங்களே, பேரு இல்லாம எனக்குத் தொண்டை தொறக்காது. யார் பேருக்கு பாடணும்? சொல்லுங்க.”

அப்போது முன்வரிசையில் சபாவின் கமிட்டி உறுப்பினர் ஒருவர் என்ன செய்தார் தெரியுமா? அவர்கள் வழக்கத்தில் கச்சேரி என்றால் யார் உபயம் என்று சொல்வார்கள். செலவு ஏற்றவர் பெயரை மேடையில் அறிவிக்காமல் விட்டார்கள், அதைத்தான் இந்த அம்மாள் நாசூக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, எழுந்து, கணீரென்று சொன்னார்: “ஸ்ரீஹரி. தி.நகர் பட்டுப்புடவைக் கடை ஸ்ரீஹரி.”

அம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பினார். “ஸ்ரீஹரி. நல்ல பேரு. எப்ப போனாரு?”

பக்கத்து நாற்காலியிலிருந்து குரல் வந்தது: “நான் இங்கேதான்மா இருக்கேன்.”

சிரியுங்கள், சிரியுங்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை. காரியதரிசி திரைக்கயிற்றைப் பிடித்துவிட்டார். “என்னம்மா பண்றேள்? வேண்டாம்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. எல்லாரும் வயசானவா, உடம்பு முடியாம வந்து உக்காந்துண்டிருக்கா.”

“உங்க யார் பேரையும் கேக்கல சாமி. போனவங்க பேரைத்தான் கேட்டேன். நீங்க இழுக்கறதுன்னா இழுங்க. பேரு இல்லாம பாடறது நான் இல்ல, வேற யாரோ.”

ஒரு கயிறு, ஒரு கை. இழுத்தால் முடிந்தது. அந்தக் குரல் மீண்டும் துடைப்பத்துக்குப் போயிருக்கும்.

ஸ்ரீஹரி எழுந்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவர் சொன்னார்: “என் பேர் வேண்டாம்மா. வைஜயந்தி. எங்க அக்கா.”

“இன்னா செய்வாங்க அக்கா?”

“கடையில புடவை மடிப்பா. வேற யார் மடிச்சாலும் பிடிக்காது. பிரிச்சுத் திரும்ப மடிப்பா. அதுக்காகவே என்கூட தினம் சண்டை.”

“எப்படி போனாங்க?”

“கொரோனாவுல. ஆஸ்பத்திரியிலிருந்து அப்படியே கொண்டுபோயிட்டாங்க. முகம் பாக்கலை. கடையில அத்தனை புடவை இருந்தது, ஒண்ணு போத்த விடலை.”

சின்னப்பையன் டோலக்கைத் தொட்டார். அம்மாள் பாடினார்.

“ஆயிரஞ்சேல பிரிச்சவளே, அழகா மடிச்சு வெச்சவளே,
போவ சொல்லோ ஒரு சேல இல்லாம பொட்டலமாப் போனவளே,
வைஜயந்தி, வைஜயந்தி, உன் தம்பி வாசல்ல நிக்கிறான்,
சண்டைய நாளைக்கு வெச்சிக்கோ, ஒரு தபா திரும்பிப் பாத்துட்டுப் போ.”

பிசிறிய குரலா அது? பிசிறுதான். அந்தப் பிசிறில்தான் பாரம் இருந்தது, அந்தப் பாரத்தில்தான் பாசம் இருந்தது, அந்தப் பாசத்தில்தான் பாட்டு இருந்தது. வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ஸ்ரீஹரி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பாட்டு முடிந்ததும் ஒருவரும் கை தட்டவில்லை. பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு மாமி, ரொம்ப மெல்ல, இன்னொரு பெயர் சொன்னார். அப்புறம் பால்கனியிலிருந்து ஒன்று. அடுத்த கச்சேரிக்காரர் தம்புராவுடன் பக்கத்தில் காத்திருந்தார். காத்திருக்கட்டும், இந்த அம்மாள் எத்தனை காலம் காத்திருந்தார்? கஸ்தூரிரங்கன் கயிற்றை விட்டுவிட்டார். அதற்காக அவருக்கு என் நன்றி. அதற்கு மேல் இல்லை.

ஏனென்றால், இந்த மார்கழிக்கு அதே சபா மாலை நேரத்தையே தருகிறது, பெயர் கேட்கக் கூடாது என்ற அதே நிபந்தனையோடு. பத்திரிகைகள் புகழ்ந்த பிறகு, படங்கள் பரவிய பிறகு, அதே நிபந்தனை. அம்மாள் என்ன பதில் சொன்னார்? “மாலை நேரத்தை நீங்களே வெச்சிக்கோங்க சாமி. கேக்கற எடத்துல நான் பாடிக்கிறேன்.” வாசல் திறந்தபோது நுழைவது வெற்றி என்று படித்திருக்கிறோம். தன் முறையைக் கழற்றி வைத்துவிட்டு வா என்கிற வாசலுக்குள் நுழையாமல் போகிறாரே, அதை என்னவென்று சொல்வது? நான் படித்த படிப்பில் அதற்குச் சொல் இல்லை.

‘பேசினது போதும் நைனா, அக்காவை விடு’ என்று யாரோ குரல் கொடுக்கிறார்கள். வாழ்க. நியாயமான குரல்.

தாய்மார்களே, பெரும்பாக்கம் போனபின் உங்கள் மாடிகளில் எத்தனை பேர் இறந்தார்கள்? படிக்கட்டு வழியாக இறக்கி, வண்டியில் ஏற்றி, வாசலில் பந்தல்கூட இல்லாமல் அனுப்பினீர்களே, அவர்களுக்கு யார் பாடினார்கள்? இந்த மேடைக்குத் திரை இல்லை. இழுக்கக் கயிறும் இல்லை. அம்மாள் எழுந்துவிட்டார், மைக்கைக் கேட்கிறார். இப்போது உங்களைப் பார்த்துக் கேட்பார். வெட்கப்படாதீர்கள், உரக்கச் சொல்லுங்கள், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

தலைவருக்கும், இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம். இதோ, மைக்.