மேசையில் வைத்த தொப்பி

துருக்கித் தொப்பி வெயிலுக்கு ஏற்ற சாமான் இல்லை. உள்ளே காற்றுப் போகாது. கச்சான் என்னும் வறண்ட மேல்காற்றடிக்கும் ஆடி மாதத்தில், எங்கள் ஊர் சாய்ந்தமருதில், காலை பத்து மணிக்கே நெற்றி ஊறிவிடும். ஆகவே அதைக் கழற்றி மேசையில் வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். விசாரணைக்கு வந்த ஐயா எதையும் மறைக்காமல் எழுதச் சொன்னதால், எப்போதெல்லாம் கழற்றினேன், எதற்குக் கழற்றினேன் என்பதையும் எழுதுகிறேன்.

என் பெயர் இஸ்மாலெவ்வை. இருபத்திரண்டு வருஷமாக ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கிறேன். என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் உண்டு. தொப்பி மேசைக்கு வந்தால் எவரும் வாய் திறக்கக் கூடாது. அது திரும்ப என் தலைக்கு ஏறும் வரைக்கும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கலாம். தலையிடி வரும் நாட்களில் கொஞ்சம் கண்ணயர்வதற்காகத் தொடங்கிய ஏற்பாடு இது. முதல் மாதம் பிரம்புக்குச் சற்று வேலை இருந்தது, பிறகு தேவைப்படவில்லை. ஒருமுறை ஒரு பையனைத் தேள் கொட்டியிருக்கிறது. நான் எழும்பித் தொப்பியைப் போட்ட பிறகுதான் அவன் அழுதான். அன்று எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் சிலர், வாத்தியார் வேலை தங்களுக்குச் சரிவருமா என்று பார்க்க, வருஷா வருஷம் மூன்று கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவார்கள். அவர்களை அனுபவசாலி ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். அனுபவசாலி நான். கடைசி நாள் விரிவுரையாளர் ஒருவர் வந்து வகுப்பின் கடைசியில், பின்வாங்குப் பலகையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாடம் பார்ப்பார். பாடம் நன்றாக நடந்தால் ஆசிரியர் பயிற்சிக்குப் பெயர் போகும். இல்லாவிட்டால் போகாது.

1955இல் வந்தவர் மருதமுனை மீராசா. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, மெலிந்த உடம்பு, பெரிய சிரிப்பு. முதல் நாள் நானே தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, "ஒண்டுக்கும் யோசிக்காதீங்க தம்பி, நான் இரிக்கன்" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

இரண்டாம் கிழமை ஒருநாள் வாசலில் நின்று பார்த்தேன். மீராசா றுகையாவை எழுப்பி விட்டிருந்தார். றுகையா கரைவலை இழுக்கிறவரின் மகள். நான் அவளுக்கு மரமண்டை என்று பெயர் வைத்திருந்தேன்.

"மகள், உங்கட வாப்பா இழுக்கிற வலையில பத்துக் கூடை கீரி மீன். வலைக்காரருக்குப் பாதி. மிச்சத்தை இழுத்த இருபது பேரும் பிரிச்சா வாப்பாக்கு என்ன கிடைக்கும்?"

"கால் கூடை, சேர்," என்றாள் றுகையா. "உம்மாக்கு அது காணாது, இன்னும் கேப்பா."

வகுப்பு முழுவதும் சிரித்தது. மீராசாவும் சிரித்தார். என் கணக்குப் பாடத்தில் அப்படியொரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. அது ஒழுங்கீனம். அந்த இளைஞரை அதிலிருந்து காப்பாற்றுவது என் பொறுப்பு என்று நினைத்தேன்.

கடைசி நாள் விரிவுரையாளர் வந்தார். நான் முன்மேசைக்குப் போய், வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பின்வாங்கில் வந்து உட்கார்ந்தேன்.

மீராசா கேள்வி கேட்டார். பதில் இல்லை. இலேசான கேள்வி கேட்டார். பதில் இல்லை. இரண்டும் இரண்டும் எத்தனை என்றார். முப்பத்துநாலு பிள்ளைகளும் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் றுகையாவுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, "உங்கட பேரென்ன மகள்?" என்றார். அவள் அதையும் சொல்லவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்தது.

மீராசா பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. "எனக்குத்தான் விளங்கப்படுத்தத் தெரியல்ல, சேர்" என்று விரிவுரையாளரிடம் சொன்னார். நான் அவரைத் தோளோடு சேர்த்து அணைத்து, "எல்லாருக்கும் இது வராது தம்பி" என்றேன். அவர் கண்ணீரில் என் சட்டை நனைந்துவிட்டது. இந்த மந்தப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று விரிவுரையாளர் என்னிடம் வியந்தார். பழகிவிட்டது என்றேன். றுகையாவை அந்த வருஷம் வகுப்பேற்றவில்லை.

அடுத்த வருஷம் காரைதீவுச் செல்லத்தம்பி வந்தார். வாய்பாட்டை மெட்டுப் போட்டுப் பாடுகிறவர். அந்த ஆடியிலும் வெயில் கடுமை. றுகையாவை அந்த வருஷமும் வகுப்பேற்றவில்லை.

நடுவில் ஒருநாள் கல்முனை பஸ் நிலையத்தில் மீராசாவைக் கண்டேன். ஏதோ ஒரு கந்தோரில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறாராம். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "அந்தப் புள்ளைகள் சுகமா, சேர்?" என்று கேட்டார். நெஞ்சில் ஏதோ அடைத்தது. சற்று முன்தான் வடை தின்றிருந்தேன்.

இந்த வருஷம் வந்தவர் அஸீஸா, எங்கள் தெருப் பிள்ளை. அவருடைய வாப்பா என் வீட்டுக்கே வந்து, "நீங்க சரி எண்டு சொன்னா மகள் படிக்கட்டும் மாஸ்டர். சரிவராது எண்டா இந்த வருஷத்தோட நிப்பாட்டி, மாப்பிள்ளை பாக்கப் போறன்" என்றார். பெரிய பொறுப்பு. நான் மூன்று கிழமையும் அஸீஸாவைக் கூர்ந்து கவனித்தேன். சத்தம் போடாமலே படிப்பித்தார். பாடம் முடிந்தாலும் பிள்ளைகள் எழும்பவில்லை. என் பாடத்தில் மணியடிக்கும் முன்பே எழும்பத் தயாராகிறவர்கள் அவர்கள்.

கடைசி நாள் தொப்பியை மேசையில் வைத்தேன்.

அஸீஸா முதல் கேள்வியைக் கேட்டார். பதில் இல்லை. இரண்டாவதும் கேட்டார். அதை வெண்கட்டியால் கரும்பலகையிலும் எழுதினார். விரிவுரையாளர் பேனாவைத் திறந்தார்.

அப்போது றுகையா எழும்பினாள். மூன்று வருஷமாக ஒரே வாங்கில் இருந்து, மூன்று பேருக்கும் நடந்ததைப் பார்த்தவள். அவள் ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. மேசைக்குப் போய்த் தொப்பியை இரண்டு கையாலும் தூக்கினாள். வரிசைகளுக்கு நடுவால் பின்வாங்கு வரை நடந்து வந்தாள். என் தலையில் வைத்தாள். கோணலாக இருந்ததைச் சரிசெய்து, குஞ்சத்தையும் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். பிறகுதான் வாய் திறந்தாள்.

"டீச்சர், இனிக் கேளுங்க."

முப்பத்துநாலு கைகள் உயர்ந்தன. விரிவுரையாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு என் தலையைப் பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் விசாரித்தார். அவர்கள் எல்லாவற்றையும் சொன்னார்கள், தேள் உட்பட.

ஐயா, கேட்டதற்கு நேராகவே பதில் தருகிறேன். மீராசாவையும் செல்லத்தம்பியையும் வாத்தியார் ஆகவிடாமல் செய்தது நான்தான். அஸீஸாவையும் அப்படியே செய்யத்தான் இருந்தேன். என் வகுப்பில் அவர்களுக்காக எழுந்த அந்தச் சிரிப்பு இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் எனக்காக எழவில்லை. அது எனக்கு வலித்தது. இதை ஒருதரம் எழுதிவிட்டேன், மறுபடி கேட்க வேண்டாம்.

ஆனால் என் வேலையை நிறுத்தி, தொப்பியையும் சாட்சிப் பொருளென்று எடுத்துப் போனது நியாயமில்லை. பல்கலைக்கழக விடுமுறை முடியும் வரை வகுப்பை அஸீஸாவிடம் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுக் கணக்குப் பாட நேரத்தில் வேலியோரமாக நடந்தேன். முப்பத்துநாலு பிள்ளைகளும் ஒரே கத்தல், ஒரே சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே றுகையாவின் குரல் கடற்கரை வரை கேட்கிறது. நான் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் படும் பாட்டைக் கேட்கப் பொறுக்கவில்லை. தயவுசெய்து தொப்பியைச் சீக்கிரம் அனுப்பி வையுங்கள்.