கொட்டாமல் வைத்த தண்ணீர்

தேத்தண்ணியை ஆறவிடாதீர்கள், காதியார். சீனி கொஞ்சம் குறைவாக இருக்கும். கூப்பனுக்குக் கிடைக்கிற சீனி பிள்ளையின் பாலுக்கே போய்விடுகிறது.

பாயிஸ் மச்சானை நிக்காஹ் செய்ய எனக்குச் சம்மதமா என்று கேட்டீர்கள். மனதில் வேறு ஏதும் இருந்தால் ஒளிக்காமல் சொல் என்றும் கேட்டீர்கள். கூடப்பிறந்த ராத்தா மௌத்தாகி ஐந்து மாதத்தில் அவளுடைய புருஷனைக் கட்டச் சொல்லி என்னை யாரும் நெருக்குகிறார்களோ என்பது உங்கள் கவலை. ஒருவரும் நெருக்கவில்லை. ஆனால் இவ்வளவு மரியாதையாகக் கேட்டபிறகு மறைப்பது சரியில்லை. சொன்னாலும் நீங்கள் நம்பப் போவதில்லை. நம்பினாலும் அதை எந்தப் புத்தகத்தில் பதிவது என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

எங்கள் உம்மாவின் கை நோவெடுக்கும் கை என்பது இந்தத் துறைமுகத்தடியில் எல்லோருக்கும் தெரியும். நோவுள்ள இடத்தில் ஈரக்கையை வைப்பார். பிறகு அந்தக் கையைச் சட்டித் தண்ணீரில் கழுவுவார். நோவு தண்ணீருக்குப் போய்விடும். உம்மா மௌத்தான அன்று அந்தக் கை மூத்தவள் பரீனா ராத்தாவுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் மூத்த பெண்ணுக்குத்தானே. எனக்கு வந்தது சட்டி. அந்தத் தண்ணீரைச் சுமந்துபோய்க் கடலில் கொட்ட வேண்டும். நிலத்தில் கொட்டினால் மிதிக்கிறவருக்கு ஏறிவிடும்.

எனக்குப் பதின்மூன்று வயதில், நோன்பு மாதத்தில், ராத்தா இறக்கிய கஞ்சிப் பானை அவள் கைநழுவி என் தொடையில் கவிழ்ந்தது. வேண்டுமென்று செய்தாள் என்று நான் சொல்லமாட்டேன். வாப்பா அழுதுகொண்டே, "எடுத்து உடு மகள்" என்றார். ராத்தா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"ஏலாது வாப்பா. சொந்த இரத்தத்துட நோவ எடுத்தா கை மங்கிப் போகுமெண்டு உம்மா சொன்னவ. பொறகு ஊருக்கு ஆரு இரிக்கா?"

நாற்பது நாள் மல்லாந்து கிடந்தேன். சீலை பட்டாலும் உயிர் போகும். அடுத்த வீட்டு ஆமினா உம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவதும், சிரித்துக்கொண்டு நடந்து போவதும் படுத்த இடத்திலிருந்தே தெரியும். ஊர் முழுக்கச் சுகமாகிக்கொண்டிருந்தது.

எழும்பி நடந்த பிறகு நான் முதலில் சுமந்த சட்டி ஆமினா உம்மாவின் முழங்கால். கடற்கரை வரைக்கும் போனேன், கொட்டவில்லை. அந்த வருசம்தான் வெள்ளைக்காரக் கடற்படை மூட்டை கட்டியது. கப்பல்துறையில் வேலை செய்த வாப்பா மூடிபோட்ட வெறும் போத்தல்கள் நிறையக் கொண்டுவந்து வைத்திருந்தார். ஒன்றில் தண்ணீரை நிரப்பி, கடதாசியில் பெயர் எழுதி ஒட்டி, விறகுக் கொட்டிலில் தேங்காய் மட்டைக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று அன்று கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது. எறிய மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழு வருசத்தில் பதினேழு போத்தல் சேர்ந்தது. சின்ன நோவுகளை ஒழுங்காகக் கடலில் கொட்டினேன். நல்லதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஸைனுலாப்தீனின் கடைவாய்ப் பல். சுமை விழுந்து நொறுங்கிய லிங்கநகர் இராசையாவின் முதுகு. கிண்ணியாவிலிருந்து படகில் வந்த ஒரு பெண்ணின் மார்புக் கட்டி. அவள் ராத்தாவின் காலைப் பிடித்து அழுதாள்.

பிறகு மாமாவின் மகன் பாயிஸ் மச்சான் ராத்தாவுக்கு மாப்பிள்ளையாகி, எங்கள் வழக்கப்படி இந்த வீட்டுக்கே வந்தார். அறையை நான்தான் ஒழித்துக் கொடுத்தேன். வந்த கிழமையே அவருக்கு ஒற்றைத் தலையிடி. ராத்தா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஈரக்கையை நெற்றியில் வைத்து, எடுத்துவிட்டாள்.

"கை மங்காதா ராத்தா?" என்று கேட்டேன்.

"அவரு வந்த ஆளுதானேடி" என்று சிரித்தாள். "இரத்தமில்லயே."

உம்மாவின் கூடப்பிறந்த மாமாவின் மகனில் இல்லாத எங்கள் இரத்தம் வேறு யாரில் இருக்கும்? அவளுடைய கை மங்கவுமில்லை. மறுநாள் இரண்டு பேருக்கு எடுத்தாள். அன்றுதான் நான் அவளை வெறுத்தேன். வீட்டுக்காக என்றோ மச்சானுக்காக என்றோ நினைத்துவிடாதீர்கள். அந்த நாற்பது நாளுக்காக மட்டும்.

அவளுக்குப் பிள்ளைப்பேற்று வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமை. ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். மருத்துவிச்சி லைலா குசினியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிவாசல் லெப்பை ஓதி ஊதிய தண்ணீரை வாப்பா காலையிலேயே கொண்டுவந்து தந்திருந்தார். சுகமாகப் பிள்ளை கிடைக்க அதை வயிற்றில் தடவுவது உங்களுக்குத் தெரியும். தன்னுடைய நோவைத் தானே எடுக்க ராத்தாவால் ஏலாது. அதனால் அந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருந்தாள்.

"நீயே தடவி உடு குல்சும். உன்ட கைதான் மெது" என்றாள்.

ஓதின தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன். வீணாக்கவில்லை. கொட்டிலில் இருந்த பதினேழையும் அதே சட்டியில் ஊற்றி, கையில் படாமல் சீலைத்துண்டால் தடவினேன்.

அவள் கத்துவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டாள். வருசக்கணக்காகத் தொட்டு எடுத்தவள் அல்லவா? "இது ஆமினா உம்மாட முழங்கால்" என்றாள். "இது ஸைனுலாப்தீன்ட பல்லு. இராசையா அண்ணன்ட முதுகு." பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ கொட்டல்லயா?"

நான் தடவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடித் தேடுகிறவள் போலக் கிடந்தாள்.

"உன்ட நோவு இதுல இல்லயே குல்சும்."

"நீங்க எடுக்கல்லயே ராத்தா."

பிறகு அவளுடைய உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளையை எடுத்துவிட்டு, சன்னி என்றாள் லைலா. மச்சானும் அதைத்தான் நம்புகிறார். சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார், பாவம்.

ஏன் கோப்பையை வைத்துவிட்டீர்கள்? அது கிணற்றுத் தண்ணீர்தான்.

என் மனதில் இனிக் கோபம் ஒன்றுமில்லை. அது ராத்தாவோடு போய்விட்டது. அவளை அடக்கம் செய்த அன்று என் உள்ளங்கை தானாக ஈரமானது. பிள்ளைக்கு வயிற்று உளைவு வந்தபோது கையை வைத்துப் பார்த்தேன், உடனே தூங்கிவிட்டது. சொந்த இரத்தம்தான், கை மங்கவில்லை. ராத்தா சொன்னது பொய் என்று அதிலும் தெரிந்தது. பெண்பிள்ளை. நான் தூக்கினால்தான் அழுகையை நிறுத்துகிறது. நாளைக்கு இந்த வீடும் அதற்குத்தான்.

சம்மதம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை நான் பார்க்காமல் யார் பார்ப்பது? போத்தல்களைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டினேன், அரைவாசி நிறைந்துவிட்டது. கடல் கிட்டத்தான் இருக்கிறது, ஆனால் எறிய மனம் வரவில்லை.