சவேரிமுத்து கையிலிருந்த விளக்கு

நம்ம மெக்கானிக் சங்கத்துல இன்னைக்கு நிறைய தலை தெரியுது... சந்தோஷம். ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கேட்டுக்கோங்க. பின் வரிசை அண்ணன்மாரே, போனைக் கொஞ்சம் பாக்கெட்ல போடுங்க. இது உங்களுக்குத்தான்.

திண்டுக்கல்ல சிங்கராயன்னு ஒரு ஏசி மெக்கானிக். கெட்டிக்காரர். ஒரு நாள் பழைய நீலக் கார் ஒண்ணு வருது. தொண்ணூறாம் வருஷத்து வண்டி. அதோட ஏசிக்குள்ள பழைய கேஸ். ஓசோனைக் கெடுக்குதுன்னு அதைத் தயாரிக்கவே தடை... எங்க கிடைக்கும்? புது கேஸுக்கு மாத்தலாம். ஆனா ஆயில் மாத்தணும், ஃபிட்டிங் மாத்தணும், ரெண்டு நாள் ஆகும். வண்டிக்காரர் விடல.

"நாளைக்கு வீட்ல கல்யாணம்ப்பா. இன்னைக்கே குளுகுளுன்னு ஆகணும்!"

நம்ம ஆளு என்ன செஞ்சார்? மிச்சமிருந்த பழைய கேஸைப் புஸ்ஸுன்னு காத்துல விட்டார். அடுப்பு சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து... சமையல் கேஸை ஏத்திட்டார்! குளிர்ச்சியா? பிரமாதம். உள்ள என்ன இருக்குன்னு பானெட்ல ஸ்டிக்கர் ஒட்டுனாரா? எப்படி ஒட்டுவார்? ஒட்டுனா மாட்டிக்குவாரே!

ரெண்டு வருஷம் போச்சு. வண்டி கை மாறிடுச்சு. ஒரு நாள் மத்தியானம், வத்தலக்குண்டுல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறார் சிங்கராயன். தங்கச்சி புருஷன் சவேரிமுத்தும் மெக்கானிக். வீட்டை ஒட்டியே கடை. உள்ள நுழையுறார்... அந்த நீலக் கார் நிக்குது.

அதே நம்பர். பானெட் திறந்திருக்கு. உள்ள குனிஞ்சிருக்கார் மாப்பிள்ளை. கையில கசிவு பார்க்கிற விளக்கு. பழைய ஆளுங்களுக்குத் தெரியும்ல? தீயைக் குழாய் பக்கத்துல கொண்டு போவோம். கேஸ் கசிஞ்சா தீ பச்சையாகும். பழைய கேஸ் எரியாது, அதனால பயமில்லை. வண்டி பழைய மாடல், ஸ்டிக்கர் இல்லை... அவர் மேல என்னய்யா தப்பு? சமையல் கேஸ் வாடை வரலையான்னு கேப்பீங்க. இருபது வருஷம் பெட்ரோல்லயும் தின்னர்லயும் ஊறின மூக்குய்யா அது!

"வாங்க மச்சான்... இங்க பாருங்களேன். தீ பச்சையாவே மாற மாட்டேங்குது."

சிங்கராயன் பார்க்கிறார். கடைக்குள்ள ஒரு பொட்டு காத்து இல்லை. உச்சி வெயில். ஆனா அந்தத் தீ... மஞ்சளா, மெல்ல மெல்ல நீளுது. யாரோ உள்ள இருந்து கூப்பிடுற மாதிரி, குழாய் பக்கமா சாயுது.

"என்ன மச்சான் இது? இப்படி நான் பார்த்ததே இல்லையே..."

சொல்லணும். 'விளக்கை அணை'ன்னு ரெண்டு வார்த்தை. சொன்னா, எப்படித் தெரியும்னு கேப்பாரே? ஒரு நொடி... ரெண்டு நொடி...

"மாப்ள! அணைங்க!"

அதுக்குள்ள தீ உள்ள போயிடுச்சு. பெரிய சத்தம்கூட இல்லை. 'பப்'னு ஒண்ணு. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி. உயிர் தப்பிச்சுது. கண்ணு ரெண்டையும் சேர்த்து முகம் முழுக்கக் கட்டு. பார்வை வருமா வராதா, கட்டைப் பிரிச்சாத்தான் தெரியும். பக்கத்துல தங்கச்சி அழுதுட்டு நிக்குது. சிங்கராயன் கட்டில் ஓரமா உக்கார்ந்திருக்கார். கட்டுக்குள்ள இருந்து குரல் வருது... மெதுவா.

"மச்சான்... அணைக்கச் சொன்னீங்களே. உள்ள என்ன இருக்குன்னு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

...



நான் சொல்ல வந்தது இதுதான். பழைய கேஸை மிஷின் வெச்சு சிலிண்டர்ல பிடிங்க, காத்துல விடாதீங்க. மாத்துறதா இருந்தா அனுமதிச்ச கேஸுக்கு முறையா மாத்துங்க. என்ன கேஸ், என்ன தேதி, யார் ஏத்துனது... பேரைப் போட்டு ஒட்டுங்க. சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லைய்யா. அடுத்து அந்த பானெட்டைத் திறக்கிறவன் உங்களை நம்பித்தான் தலையை உள்ள விடுறான்!

உங்கள்ல யாராவது அப்படி ஒரு வண்டியை ஸ்டிக்கர் இல்லாம வெளிய அனுப்பியிருக்கீங்களா? கை தூக்க வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டாம். எழுந்திரிச்சு வெளிய போய், அந்த வண்டிக்காரருக்கு இப்பவே ஒரு போன் போடுங்க. என் பேச்சு கிடக்கட்டும்.