இரண்டாவது சாவி

உட்காருங்க சார். அந்த ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும், பழகிடும். நான் நின்னுக்கிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்ச நாளாவே எனக்கு ஒரு இடத்துல இருப்புக்கொள்ளல. உட்கார்ந்தா அலமாரியைப் பூட்டினோமான்னு தோணும். எழுந்து போய் இழுத்துப் பார்த்துட்டு வருவேன்.

எங்க அண்ணியை விசாரிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். அண்ணனுக்கு மருந்தை அளவுக்கு மேல ஊத்திக் கொடுத்துட்டாங்க, அதுலதான் அவன் போயிட்டான்னு பேச்சு. அது இல்ல சார். அண்ணி கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு, மருந்துக் கப்பை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, கோட்டுக்கு மேல துளி ஏறினாலும் திருப்பி ஊத்துறவங்க. அந்தக் கோட்டைப் பேனாவால போட்டுக் கொடுத்ததே நான்தான். அதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொன்னேன்.

இந்த மருந்துக்கடையில என்னைத் தராசுன்னு கூப்பிடுவாங்க. நீங்களே வருஷா வருஷம் சோதனைக்கு வந்து, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துட்டு, ஒரு குறையும் கிடைக்காம டீயைக் குடிச்சிட்டுப் போயிருக்கீங்க. "இவன் தும்மினாக்கூட ரெண்டு சாட்சி வச்சுத்தான் தும்முவான்"னு அண்ணன் கேலி பண்ணுவான். அப்பா போனப்புறம் லாரி ஷெட்டுல கிரீஸ் கையோட வேலை பார்த்து என்னைப் படிக்க வச்சவன். அவன்னா எனக்கு உயிர்.

மார்ஃபின் வைக்கிற அலமாரிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி எங்கிட்ட, இன்னொண்ணு கூட வேலை பார்க்கிற அக்காகிட்ட. ரெண்டு பேரும் நின்னாத்தான் திறக்கணும். உள்ளே இருக்கிறது கொட்டினாலும் உடைஞ்சாலும் ரெண்டு பேரும் பார்த்திருக்கணும், உடனே உங்க ஆபீஸுக்குச் சொல்லணும். ஒரு நாள் அக்கா மகளுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து போன். "தம்பி, இதை வச்சுக்கோ, ஓடி வந்துடறேன்"னு சாவியை என் கையில திணிச்சுட்டுப் போனாங்க. அந்த நேரம் பார்த்து அண்ணி டாக்டர் சீட்டோட வந்து நின்னாங்க. அண்ணனுக்கு எலும்புல கேன்சர். வலி வந்தா தலையணையைக் கடிப்பான். எப்படி சார் காக்க வைக்கிறது? திறந்துட்டேன். அவசரத்துல பெரிய பாட்டில் கை நழுவிச் சாய்ஞ்சு, பாதி மருந்து மேஜையில ஓடிடுச்சு.

சொல்லியிருக்கலாம்தான். சொன்னா, ஏன் தனியாத் திறந்தேன்னு கேள்வி வரும். அக்காவுக்கு வேலை போகும், அவங்க சம்பளத்துலதான் அந்தக் குடும்பமே ஓடுது. நான் சுயநலக்காரன் இல்ல. மேஜையைத் துடைச்சேன். காய்ச்சி ஆறின தண்ணியை ஊத்திப் பழைய அளவுக்கு நிரப்பினேன். அளவு சரியாயிடுச்சு.

ஆனா அந்தப் பாட்டிலை வேற நோயாளிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரல. ஊரார் வலியில விளையாடுறது பாவம். அதனால அண்ணனுக்குன்னே ஒதுக்கினேன். சொந்த அண்ணன்கிட்ட ஒரு உதவி கேட்கக்கூடாதா? கேட்கலைங்கிறது வேற விஷயம்.

வீட்டுக்குப் போனப்ப அண்ணன் நாக்கைச் சப்புக்கொட்டி, "டேய், கசப்பு கம்மியா இருக்குடா"ன்னான்.

"கம்பெனியில மாத்திட்டாங்கண்ணா."

"நீ கொடுத்தா சரியாத்தான் இருக்கும்"னு கண்ணை மூடிக்கிட்டான்.

வலி அடங்கல. அவன் முனகுறது கீழே படிக்கட்டு வரைக்கும் கேட்கும். அந்த அறையில என்னால நிக்க முடியாது, வாசலுக்கும் உள்ளுக்குமா நடந்துக்கிட்டே இருப்பேன். அண்ணி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஏதாவது பண்ணு தம்பி, பார்க்க முடியல"ன்னு அழுதாங்க. டாக்டர்கிட்டச் சொல்லுங்க அண்ணின்னேன். முறையான வழி அதுதானே.

டாக்டர் அளவை ஏத்தினார். அப்பவும் அடங்கலைன்னதும் இன்னும் ஏத்தினார். நோய் முத்திடுச்சுன்னு நினைச்சிருப்பார். மருந்துல பாதி தண்ணின்னு அவருக்கு எப்படித் தெரியும், பாவம்.

ஒரு நிமிஷம் சார். பூட்டை இழுத்துப் பார்த்துட்டு வந்துடறேன்.

பூட்டித்தான் இருக்கு. எங்க விட்டேன்? ஆங், அந்தப் பாட்டில் தீர்ந்துடுச்சு. அண்ணி புதுச் சீட்டோட வந்தாங்க. அக்காவும் நானும் சேர்ந்து நின்னு, ரெண்டு சாவியும் போட்டுத் திறந்தோம். உள்ளே இருந்தது சீல் உடைக்காத பாட்டில், முழு வீரியம். சீட்டுல இருந்தது தண்ணி மருந்துக்காக ஏத்தின அளவு. இந்த அளவு அவன் மூச்சையே நிறுத்திடும்னு எனக்குத் தெரியும். அதைப் படிக்கத்தானே அவன் என்னைக் காலேஜுக்கு அனுப்பினான்.

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு, முத்திரை இருக்கு. அளவை எண்ணிலும் எழுத்திலும் அழகா எழுதியிருந்தார், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. சின்னப் பிழை இருந்திருந்தாக்கூடத் திருப்பி அனுப்பியிருப்பேன், சத்தியமா. சரியா இருக்கிற சீட்டைக் காரணம் சொல்லாம மறுக்க முடியாது. காரணம் சொன்னா பழையது வெளிய வரும். அக்கா வேற பக்கத்துலயே நின்னாங்க. அளவு மாறியிருக்கு அண்ணின்னு சொல்லி, கப்புல புதுக் கோடு போட்டுக் கொடுத்தேன்.

குடிச்சதும் முகத்தைச் சுளிச்சானாம். "பழைய கசப்பு வந்துடுச்சுடி, தம்பி சொல்லி மாத்திட்டான் போல"ன்னு அண்ணிகிட்டச் சிரிச்சானாம். அப்படியே தூங்கிட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் வலியில்லாத தூக்கம். அதை நினைச்சா எனக்கு ஆறுதலாத்தான் இருக்கு.

அண்ணியை விட்டுடுங்க சார். அவங்க கோட்டைத் தாண்டல. டாக்டர் மேலயும் தப்பில்ல. தப்பு என்மேலதான், நான் மழுப்ப மாட்டேன். அன்னிக்கு ரெண்டாவது ஆள் இல்லாம அலமாரியைத் திறந்துட்டேன். அதை எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். இத்தனை வருஷத்துல நான் விதியை மீறினது அது ஒண்ணுதான்.