சாயங்கால வகுப்போட சாவி

...சாவிதானே, தரேன், தரேன். எங்க ஓடிடப் போகுது? மொதல்ல உக்காரு. அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். அந்தப் புத்தகக் கட்டைத் தள்ளி வெச்சுட்டு இப்படி உக்காரு. எல்லாம் நான் எழுதினதுதான். 'எழுத்தறிவும் சமூக நீதியும்', நாலு பதிப்பு. நம்ம டீன் அட்டையை மட்டும் பாத்துட்டு முன்னுரை எழுதிக் குடுத்த மகானுபாவர்.

நீ வேலைக்குச் சேந்து முழுசா ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள என் வகுப்பு உனக்கு. உன்னைச் சொல்லலம்மா. சரி, உன்னையுந்தான் சொல்றேன். என்னத்தைச் சொல்லித் தரப் போற? மருந்துச் சீட்டு, பஸ் போர்டு படிக்கவா... அதைத்தான் கேக்கறாங்களா? கேப்பாங்க. வீடு கூட்டறவங்க, ஆஸ்பத்திரியில துணி தொவைக்கிறவங்க, வேற என்ன கேப்பாங்க? 'உரிமை'ன்னு போர்டுல எழுதி, அந்த ஒத்த வார்த்தையை மாசக்கணக்கா விளக்கினேன். அதைக் கட்டுரையாப் படிச்சப்போ அரங்கமே கை தட்டிச்சு. இவங்க கொட்டாவி விட்டாங்க. கொழுப்பு, வேற என்ன. இந்த வயசுல நாலு எழுத்து படிக்கிறாங்கன்னா அது என்னாலதான்... சரி, இன்னும் படிக்கல. படிச்சிருப்பாங்க.

வயிறு எரியுது எனக்கு. இந்தக் காலேஜ்ல எனக்குன்னு இருந்தது அந்த ஒரு வகுப்புதான். வீட்ல பேச ஆளில்ல. பொண்ணு போனை எடுத்ததுமே 'மீட்டிங்ல இருக்கேம்மா'ங்கறா.

என்னது? டீன் மாத்தலையா? ஆமா, அவர் மாத்தல. ஓட்டெடுப்பு. என் வகுப்புல எதுன்னாலும் கை தூக்கித்தான் முடிவு. டீச்சருக்கும் ஒரே ஓட்டு. அந்த வழக்கத்தைக் கொண்டு வந்ததே நான்தான்.

போன வாரம், ஏழைங்க சொல்றதை எப்படிக் காது குடுத்துக் கேக்கணும்னு பேசிட்டிருந்தேன். நடுவுல அந்தத் துணி தொவைக்கிற அம்மா எழுந்து என்னமோ கேட்டுச்சு. நான் பேச்சை விடல. நிமிந்து பாத்தா அத்தனை கையும் மேல இருக்கு. எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. ஆஹா, இப்பத்தான் நம்ம பாடம் மண்டையில ஏறியிருக்குன்னு நெனச்சேன்.

அந்த அம்மா கேட்டது, 'டீச்சரை மாத்தணும்ங்கறவங்க கை தூக்குங்க'ன்னாம். அப்புறம்தான் சொன்னாங்க. டீன்கிட்டயும் போய்ச் சொல்லியாச்சு. ஒருத்தர் கூட எதிர்ப்பு இல்லையேன்னு அவர் சிரிச்ச சிரிப்பு இருக்கே...

எப்படி இருக்கும்? நானுந்தானே தூக்கினேன்.