கடித்தது எந்தப் பூனை

வீட்டுக்குள் வளரும் பூனைக்கும் வெளியே திரியும் பூனைக்கும் ஒரே தட்டில் சோறு வைக்கக் கூடாது. பூனை வளர்ப்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. உள்பூனை நிதானமாகச் சாப்பிடும். வெளிப்பூனை அடுத்த வேளை உண்டோ இல்லையோ என்று சாப்பிடும். பக்கத்துப் பக்கத்தில் நின்றால் சண்டை வரும். அதனால் நான் உள்பூனைகளுக்கு அடுப்படியிலும், வெளிப்பூனைகளுக்குப் பின்வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலும் வைப்பேன். நடுவில் கதவு சாத்தியிருக்கும். மூன்று வருடம் அப்படித்தான் நடந்தது. ஒரே ஒரு நாள் கதவு திறந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மேடம், நேற்று நீங்கள் கேட்டபோது நான் வாயைத் திறக்கவில்லை. அதைத் திமிர் என்று நினைக்க வேண்டாம். ஆட்கள் முன்னால் எனக்குப் பேச வராது. எழுதச் சொன்னால் எழுதுவாள் என்று அண்ணன் சொன்னதால் தாள் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி.

என் பெயர் கிருபா. வயது இருபத்து நான்கு. கோயமுத்தூரில் விலங்கியல் படித்தேன். படிப்பு முடிந்து மூன்று வருடமாக வேலை இல்லை. நேர்முகத்துக்குப் போவேன், பேசாமல் திரும்பி வருவேன். அப்பா அம்மா இல்லை. சோமனூரில் சுப்பண்ணன் என்பவருடைய தறிக்குடோனுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அண்ணன் தமிழ்ச்செல்வன், அண்ணி சண்முகப்ரியா, நான் மூன்று பேரும் இருந்தோம். அண்ணன் அந்தக் குடோனிலேயே தறி ஓட்டுகிறார். அண்ணி இறந்து இன்றோடு பதினெட்டு நாள்.

குடோனில் நூலை எலி கடிக்கும். எலிக்காகப் பூனைகள் வந்தன. ஆறு பூனைகள் அங்கேயே தங்கிவிட்டன. தொட விடாது. ஆனால் நான் பின்கதவைத் திறக்கும் சத்தம் கேட்டால் கூரையிலிருந்து இறங்கி வந்து, நாலடி தள்ளி உட்காரும். அவற்றைக் காட்டுப் பூனை என்றும் சொல்ல முடியாது, வீட்டுப் பூனை என்றும் சொல்ல முடியாது. அந்த நாலடி எனக்குப் பிடித்திருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை.

உள்ளே இரண்டு. மிளகு, செவலை. இரண்டுக்கும் வருடா வருடம் ரேபிஸ் தடுப்பூசி போட்டு அட்டை வைத்திருந்தேன். செவலை, வெளிப்பூனை ஒன்று போட்ட குட்டி. மழையில் நனைந்து கிடந்ததை உள்ளே எடுத்து வந்தேன். அதன் கூடப் பிறந்தது வெளியிலேயே வளர்ந்தது. அதே சிவப்பு, அதே உடம்பு. வால் நுனி மட்டும் வளைந்திருக்கும். அதற்கு வளைவால் என்று பெயர். வெளிப்பூனைகளைப் பிடிக்க முடியாததால் அவற்றுக்கு ஊசி போடவில்லை.

அண்ணி அவிநாசிக்காரர். கேலி பேசாமல் அவரால் இருக்க முடியாது. "மூணு வருசமா இந்த ஊட்டுல இருக்கறேன். உன்ற வாயில கேட்டதவிட இந்த மிளகு வாயிலதான் அதிகம் கேட்டிருக்கறேன் அம்மணி" என்பார். பூனைகளையும் திட்டுவார். திட்டிக்கொண்டே மீன் தலையைத் தனியாக எடுத்து வைப்பார். ரேஷன் கடையிலும் பஸ்ஸிலும் எனக்குப் பதிலாகப் பேசுவது அவர்தான். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மார்கழியில் வெளிப்பூனை ஒன்று துணிக்கட்டின் மேல் சிறுநீர் கழித்துவிட்டது. சுப்பண்ணன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தமிழு, எலியப் புடிக்கட்டும்னுதான் உட்டு வெச்சிருக்கறேன். துணியக் கெடுத்தாச்சு. நாளைக்கு மனுசனக் கடிச்சு வெச்சா என்ன பண்றது? அப்படி ஒண்ணு நடந்துச்சுன்னா அன்னைக்கே சாக்குல புடிச்சுக் கட்டிப்போடு."

"சரிங்க" என்றார் அண்ணன். அவர் சரி என்று சொன்னால் செய்துவிடுவார்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலை. அண்ணி மீன் கழுவ வெளியே போய் வந்தவர் கதவைச் சாத்தவில்லை. வளைவால் உள்ளே வந்துவிட்டது. அடுப்படியில் செவலையும் அதுவும் ஒன்றாகப் புரண்டன. "என்ற தங்கத்தக் கொன்னுபோடும்" என்று அண்ணி செவலையைத் தூக்கக் கையை நடுவில் விட்டார். வலது கட்டைவிரலுக்குக் கீழே கடி விழுந்தது. ஆழமான கடி. நான் வளைவாலைத் தள்ளிக் கதவைச் சாத்தினேன். என் மணிக்கட்டில் நகம் கீறியது.

இரண்டும் ஒரே நிறம். அண்ணி சரியாகப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"எது அம்மணி கடிச்சுது? உள்ளிருக்கறதா, வெளிய இருக்கறதா?"

"உள்ளிருக்கறதுங்க அண்ணி. செவலைதான்."

"ஊசி போட்டதுதான?"

"போட்டதுதாங்க."

அட்டையை எடுத்துக் காட்டினேன். பிறகு அவரை உட்கார வைத்து, சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில், கடிகாரம் பார்த்துப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவினேன். அப்படித்தான் கழுவ வேண்டும். அந்த வேலையில் குறை வைக்கவில்லை.

"நீ டாக்டருக்குப் படிச்சிருக்கோணும் கண்ணு" என்றார்.

அண்ணன் சாப்பிட வந்தபோது அவரே சொல்லிவிட்டார். "ஏனுங்க, செவலை செல்லமாக் கடிச்சுப்போட்டுதுங்க. கிருபா பாத்துக்கிட்டா." அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். படித்த பெண் தலையாட்டினால் அந்த வீட்டில் அதற்கு மேல் கேள்வி இருக்காது.

கடிக்கிற பூனைக்கெல்லாம் ரேபிஸ் இருப்பதில்லை. மிகச் சிலவற்றுக்குத்தான் இருக்கும். கடித்த பூனை பத்து நாள் நன்றாக இருந்தால் பயமில்லை. அதனால் பத்து நாள் கவனிப்பது என்று முடிவு செய்தேன். இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. டாக்டர்களும் கவனிக்கத்தான் சொல்வார்கள். அவர்கள் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனிக்கச் சொல்வார்கள், நான் தொடங்காமல் கவனித்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வளைவால் சோற்றுக்கு வரவில்லை. நான்காம் நாள் கழிவுப் பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. வாய் மூடவில்லை, எச்சில் நூலாக இறங்கியது. குரல் மாறியிருந்தது. பின்கால்கள் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் காலை செத்திருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைத்தேன். உள்ளே வந்து குளித்தேன். அண்ணி தோசை வார்த்துப் போட்டார். காயம் ஆறி மேல் தோல் உரியத் தொடங்கியிருந்தது.

அப்போதாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். அன்றைக்கு ஊசி போட்டிருந்தால் அநேகமாகப் பிழைத்திருப்பார். எனக்கு அது தெரியும். அந்தப் பாடத்தில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால் சொன்னால் மீதி ஐந்து பூனைகளையும் அன்றே சாக்கில் கட்டுவார்கள். அது மட்டும் இல்லை. முதலில் சொன்னது பொய் என்றும் சொல்ல வேண்டும். அண்ணி என்னை நிமிர்ந்து பார்ப்பார். அண்ணனும் பார்ப்பார். சாயங்காலம் சொல்லலாம் என்று இருப்பேன். சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டே நாடகம் பார்ப்பார். நிம்மதியாக இருக்கிற ஆளிடம் இதைச் சொல்வது நன்றாக இருக்காது என்று தோன்றும். அப்படியே ஐம்பது நாள் போனது.

பிறகு கட்டைவிரலில் குறுகுறுப்பு என்றார். மறுநாள் கை முழுக்க எரிச்சல். அதற்கு மறுநாள் அண்ணன் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தபோது தொண்டை இழுத்துக்கொண்டது. கோயமுத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நாய் ஏதாவது கடித்ததா என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க, ஊட்டுப் பூனைதாங்க. ஊசி போட்டதுங்க. இப்பவும் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் அண்ணன். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மின்விசிறிக் காற்றுக்கே அண்ணிக்கு உடம்பு துடித்ததால் அதை நிறுத்தச் சொன்னேன். மூன்றாம் நாள் இறந்தார். அதற்குப் பிறகு சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை என்பதால் சொல்லவில்லை.

சுகாதார நர்ஸ் மெஹராஜ் அக்கா வீட்டுக்கு வந்தார். அண்ணியைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் ஊசி போட வேண்டும். யாராவது ஏற்கனவே போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். நான் என் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். முழுதாக நான்கு ஊசி போட்டவர்களுக்கு மறுபடி இரண்டு போதும். கேட்டதற்குச் சரியான தகவல் கொடுத்தேன். அவர் தேதியைப் பார்த்தார். அண்ணனிடம் கடிபட்ட நாளைக் கேட்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏன் கண்ணு, உங்க அண்ணியக் கடிச்ச ஆறாம் நாளு நீ மொத ஊசி போட்டிருக்கற. உனக்கு என்ன கடிச்சுது?"

அப்படித்தான் உங்களிடம் வந்து சேர்ந்தேன்.

"உனக்குன்னா ஊசி, அவங்களுக்குன்னா வேண்டாமா?" என்று நேற்று கேட்டீர்கள். பதில் இருக்கிறது. என் மணிக்கட்டில் கீறல் இருந்தது. செத்த பூனையையும் தொட்டிருந்தேன். எனக்கு ஏதாவது ஆனால் பூனைகளுக்குச் சோறு வைக்க ஆள் இல்லை. அண்ணிக்கு அண்ணன் இருந்தார், அவிநாசியில் ஒரு தெரு முழுக்கச் சொந்தம் இருந்தது. பூனைகளுக்கு நான் மட்டும்தான். அப்போது அது நியாயமாகத் தெரிந்தது.

இப்போது பூனைகள் இல்லை. காரியம் முடிந்த மறுநாள் சுப்பண்ணன் ஆள் வைத்துப் பிடித்தார். வெளியே ஐந்து, உள்ளே இரண்டு. மிளகுக்கும் செவலைக்கும் உரிய அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். சாக்கைக் கட்டியவர் "என்ன பாப்பா அது?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. அண்ணன் எனக்குப் பேனா வாங்கிக் கொடுத்ததோடு சரி, வேறு பேச்சு இல்லை.

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். இதை அண்ணன் முன்னால் படிக்க வேண்டாம்.

முதல் ஊசிக்கு நான் தனியாகப் போகவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கப் பேச வேண்டும். அதனால் அண்ணியைக் கூட்டிப்போனேன். பிராணிகள் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைக்கும்போல் இருக்கிறது, சேருவதற்கு முன்னால் வெறிநாய்க்கடி ஊசி போட்டிருக்க வேண்டுமாம் என்று சொல்லியிருந்தேன். அண்ணி கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச் சேலையில் வந்தார். பஸ்ஸில் கண்டக்டரிடமே சொன்னார், "என்ற நாத்தனாருக்கு வேலை கெடச்சிருக்குதுங்க." வரிசையில் எனக்கு முன்னால் நின்று சீட்டு வாங்கினார். வாங்கும்போது திரும்பிச் சிரித்தார்.

"வந்ததுதான் வந்தோம், எனக்கும் ஒரு ஊசி போடச் சொல்லட்டுமா அம்மணி? செவலை கடிச்சதுக்கு?"

"வேண்டாங்க அண்ணி. செவலைக்குத்தான் போட்டிருக்குதே."

"அதுஞ் சரி. சும்மா எதுக்குக் குத்தோணும்."

ஊசி போடும் அறைக்குள் ஒருவரைத்தான் விட்டார்கள். அண்ணி என் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. உள்ளே இருந்த நர்ஸ் என்ன பிராணி என்று கேட்டார். பூனை, கீறல், பூனை செத்துவிட்டது என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"செத்துப்போச்சா? அப்ப ஊட்டுல வேற யாரையாவது கடிச்சுதா? கீறுச்சா? இருந்தா இன்னைக்கே கூட்டிட்டு வந்துரோணும்."

கதவு வழியாக அண்ணி தெரிந்தார். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்ததும், ஊசி குத்தும்போது கண்ணை மூடிக்கொள் என்று சைகை காட்டினார். பையின் மேல் இருந்த வலது கையில் காயத்தின் இரண்டு புள்ளிகள் அறைக்குள்ளிருந்தே தெரிந்தன.

"இல்லீங்க" என்றேன்.

வெளியே சத்தமாக இருந்தது. நர்ஸ் காதை இந்தப் பக்கம் திருப்பி, "கேக்கல கண்ணு" என்றார்.

நான் கொஞ்சம் சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.